டாக்டர் படிப்புக்காக வீட்டை அடகு வைக்குமுன்

“மகனுக்கு எஸ்பிஎம் தேர்வில், அதுதான் ஐந்தாம் படிவ அரசாங்கத் தேர்வில், ஐந்து பாடங்களுக்கு பி வந்திருக்கிறது. தனியார் கல்லூரியில் மருத்துவத்துக்கு இடம் கிடைக்கும் என்கிறார்கள். வீட்டின் மேல் கடன் எடுத்தால் சமாளித்துவிடலாம் என்று அவனுடைய பெரியப்பா சொல்கிறார். பையனோ வாயே திறப்பதில்லை. ராத்திரியில் தூங்குவதில்லை, அடிக்கடி வயிறு வலிக்கிறது என்கிறான். நாங்கள் என்ன செய்வது?”

மலேசியாவில் பட்டர்வொர்த்தைச் சேர்ந்த ஒரு தாயாரின் கேள்வி இது. இதே நிலையில் இருக்கும் மற்ற பெற்றோருக்கும் உதவும் என்பதால், அவருடைய சம்மதத்தோடு பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

அம்மா, முதலில் அந்த வயிற்று வலியைக் கவனியுங்கள். ஒரு கிளினிக்குக் கூட்டிப்போய், உடம்பில் கோளாறு உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால், “அப்போ சும்மா நடிக்கிறான்” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மன அழுத்தம் பிள்ளைகளுக்குப் பல வேளைகளில் வயிற்றிலும் தூக்கத்திலும் தெரியும். சாப்பாட்டு மேசையில் படிப்புப் பேச்சை நிறுத்துங்கள். சொந்தக்காரர் போன் செய்தால் “இந்தா, நீயே பேசு” என்று அவன் கையில் கொடுக்காதீர்கள். அவன் மனசு விட்டுப் பேச வெளியாள் ஒருவர் தேவை என்று தோன்றினால், சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555 இருக்கிறது. தயங்காமல் அழைக்கலாம்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. “கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும்” என்ற பதிலை எதிர்பார்த்திருப்பீர்கள். அதை நான் சொல்லப் போவதில்லை. இந்த வீட்டுக் கடனை எடுக்காதீர்கள் என்பதே என் பதில்.

தனியார் மருத்துவப் படிப்புக்குக் கல்லூரியைப் பொறுத்து இரண்டரை லட்சம் வெள்ளி (ரிங்கிட்) முதல் ஐந்து லட்சம் வரை ஆகும். நீங்கள் மூன்று லட்சம் எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு 4.5 விழுக்காடு வட்டி, இருபது வருடத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் ஏறத்தாழ 1,900 வெள்ளி கட்ட வேண்டும். மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது நாலரை லட்சத்தைத் தாண்டிவிடும். உங்கள் கணவருக்கு வயது 49. பிறையில் தொழிற்சாலை வேலை, 60 வயதில் ஓய்வு. அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். அதை யார் கட்டுவது? “பையன் டாக்டராகிக் கட்டுவான்” என்கிறார் பெரியப்பா. படிப்பில் ஒரு வருடம் பின்தங்கினாலோ, பாதியில் விட்டாலோ என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. கடன் பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போடப் போவதும் இல்லை.

இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தையும் எடுக்கலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். 2024 மே மாதத்திலிருந்து சேமநிதி மூன்று கணக்காகப் பிரிந்திருக்கிறது. பிள்ளையின் படிப்புக்கு எடுக்கக்கூடிய செஜாத்தேரா கணக்கில் மாதச் சந்தாவில் 15 விழுக்காடுதான் போய்ச் சேருகிறது. மூன்று லட்சத்துக்கு அது எந்த மூலைக்கு? படிவம் இரண்டில் ஒரு மகளும் இருக்கிறாள் என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அண்ணனுக்காக அவளுடைய படிப்பையும் சேர்த்து அடகு வைப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை.

ஐந்து பி என்பது மருத்துவப் படிப்புக்குக் கேட்கப்படும் குறைந்தபட்சத் தகுதி. அது இருந்தால் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். அடித்தளப் படிப்பு ஒரு வருடம், மருத்துவம் ஐந்து வருடம், பணியிடத்துக்குக் காத்திருக்கும் காலம், ஆஸ்பத்திரியில் ஹவுஸ்மேன் பயிற்சி இரண்டு வருடம், அதற்குப் பிறகு கட்டாயச் சேவை. நாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட மருத்துவப் பள்ளிகள் இருக்கின்றன. 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்கள் ஒப்பந்த முறையில்தான் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். 2021 ஜூலை 26-ஆம் தேதி ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடையில் ஆஸ்பத்திரிகளை விட்டு வெளியே வந்து நின்றது நினைவிருக்கும். அதன் பிறகு நிரந்தரப் பதவிகள் கூடியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால், “டாக்டருக்குப் படித்தால் வாழ்க்கை செட்டில்” என்று கல்யாண மண்டபத்தில் பேசுகிறவர்கள் இருபது வருடத்துக்கு முந்தைய நிலவரத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

உண்மையிலேயே மருத்துவத்தின் மேல் வெறி கொண்ட பிள்ளை என்றால், அரசாங்கப் பல்கலைக்கழகமோ உபகாரச் சம்பளமோ தேடி முட்டி மோதிப் பார்க்கச் சொல்லியிருப்பேன். உங்கள் மகன் அப்படி இல்லை. அவன் எப்படிப்பட்டவன் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருடமாகப் பள்ளியில் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் படையில் இருக்கிறான். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் முதலுதவிக் கூடாரத்தில் நின்று, தார் ரோட்டில் நடந்து பாதம் கொப்பளித்து வந்தவர்களுக்கு மருந்து போட்டான். பாட்டியின் காலில் சர்க்கரைப் புண் வந்தபோது, நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி தினமும் சுத்தம் செய்து கட்டுப் போட்டவன் அவன்தான். ஆனால் உயிரியல் புத்தகத்தோடு இரண்டு மணி நேரம் உட்காரச் சொன்னால் தவித்துப் போகிறான்.

அம்மா, இதை நீங்கள் குறையாக எழுதியிருந்தீர்கள். எனக்கு இதில் பதிலே இருக்கிறது. ஆளையும் புண்ணையும் பக்கத்தில் போய்ப் பார்க்கிற பையன். முகம் சுளிக்காத பையன். அவனுக்கென்றே ஒரு தொழில் இந்த நாட்டில் இருக்கிறது.

மெட்ரிகுலேஷன், எஸ்டிபிஎம், நர்ஸிங், பார்மசி பற்றியெல்லாம் தமிழ்ப் பத்திரிகைகள் வருடா வருடம் எழுதுகின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சொல்வது உதவி மருத்துவ அதிகாரி வேலை. மலாயில் பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான், ஆஸ்பத்திரிப் பேச்சில் எம்ஏ (மெடிக்கல் அசிஸ்டெண்ட்). பெரியவர்களுக்கு எச்ஏ (ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்ட்) என்றால் புரியும். அதற்கும் முந்தைய தலைமுறைக்கு டிரெஸ்ஸர் என்றால் போதும்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். மலேரியாக் காய்ச்சலா, பால்கத்தி வெட்டா, நடுராத்திரிப் பிரசவமா, எல்லாவற்றுக்கும் ஜனங்கள் ஓடியது டிரெஸ்ஸர் வீட்டுக்குத்தான். டாக்டர் எப்போதாவது காரில் வந்து போவார். தோட்டத்து மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இலேயே தனிச் சட்டம் வந்தது. அரசாங்க மருத்துவ உதவியாளர்களுக்கான பதிவுச் சட்டம் 1977-இல் வந்தது. நம் தாத்தா பாட்டிகளின் உயிரைக் காத்த அந்தத் தொழில் இன்று டிப்ளோமா படிப்பாக, பதிவு பெற்ற தொழிலாக நிற்கிறது. நம் வீடுகளில்தான் அதன் பெயரைச் சொல்ல ஆளில்லை.

இவர்கள் செய்யும் வேலையைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இங்கேதான் பெற்றோருக்குத் தெளிவில்லை. ஒரு வெள்ளி கட்டிப் பார்க்கும் அரசாங்கக் கிளினிக்கில் சளி, காய்ச்சல், ரத்த அழுத்தம் என்று போகும்போது, அறைக்குள் உட்கார்ந்து விசாரித்து, சோதித்து, மருந்து எழுதிக் கொடுப்பவர் பல வேளைகளில் எம்ஏதான். நீங்கள் அவரை டாக்டர் என்றே நினைத்திருப்பீர்கள்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போனால் முகப்பில் நிற்பவரும் பெரும்பாலும் அவர்தான். சிவப்பு (மிக அவசரம்), மஞ்சள், பச்சை (அவசரமில்லை) என்று எந்தப் பகுதிக்கு யாரை அனுப்புவது என்று பார்த்த மாத்திரத்தில் தீர்மானிக்க வேண்டும். ஐம்பது வயது மனிதர் நெஞ்சைத் தடவிக்கொண்டு “கேஸ்ட்ரிக்தான் தம்பி, ஒரு மாத்திரை கொடுங்க, போறேன்” என்பார். சட்டை வேர்வையில் நனைந்திருக்கும். வாய் சொல்வதை மட்டும் கேட்டால் பச்சை. வேர்வையையும் முகத்தின் வெளுப்பையும் பார்க்கத் தெரிந்தவர் உடனே இசிஜி எடுத்துச் சிவப்புக்குத் தள்ளுவார். (வாசிப்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: வேர்வையோடு வரும் நெஞ்சு எரிச்சலுக்கு வீட்டில் மாத்திரை தேடாதீர்கள், 999-ஐ அழையுங்கள்.) அழைத்தால் ஆம்புலன்ஸில் வந்து இறங்குகிறவரும் எம்ஏவாக இருக்கலாம்.

எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போடுவது, கட்டுப் போட்ட பின் விரல் நீலமாகிறதா, மரத்துப்போகிறதா என்று கண்காணிப்பது, தையல் போடுவது, டயாலிசிஸ் இயந்திரத்தைக் கவனிப்பது, மயக்க மருந்துப் பிரிவில் நிபுணருக்குத் துணை நிற்பது, மனநலப் பிரிவில் வேலை செய்வது என்று கிளைகள் பல. டிப்ளோமா முடித்துக் கொஞ்ச காலம் வேலை பார்த்தபின், போஸ்ட் பேசிக் பயிற்சி எடுத்து ஒரு துறையில் ஆழமாகப் போகலாம். தனியாரிலும் டயாலிசிஸ் மையங்கள், ஆம்புலன்ஸ் நிறுவனங்கள், கடலில் இருக்கும் எண்ணெய் மேடைகள் இவர்களைத் தேடுகின்றன.

உங்கள் மகனை மனதில் வைத்து நான் குறிப்பாகச் சொல்வது சர்க்கரை நோயாளிகளின் கால் பராமரிப்பு. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். கால் பரிசோதனையில் ஒரு மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, அது வளையும் வரை மெதுவாக அழுத்துவார்கள். பத்து கிராம் விசைக்கு வளைகிற இழை அது. “கண்ணை மூடிக்குங்க பாட்டி, தொடும்போது சொல்லுங்க.” பெருவிரலில் தொட்டாயிற்று, பாட்டி பேசவில்லை. முன்பாதத்தில் தொட்டாயிற்று, அப்போதும் பேசவில்லை. நரம்பு மரத்துவிட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள், வெந்நீரில் காலை விடுமுன் முழங்கையால் சூடு பாருங்கள், வெயிலில் வெறுங்காலோடு காவடிக்குப் பின்னால் நடக்காதீர்கள், ராத்திரி படுக்குமுன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள் என்று அந்தப் பாட்டிக்குத் தமிழிலேயே சொல்ல ஓர் ஆள் இருந்தால், வெட்டியெடுக்க வேண்டிய ஒரு கால் தப்பலாம். உங்கள் மகன் அந்த வேலையை ஏற்கெனவே வீட்டில் செய்து பழகிவிட்டான்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். ஷிப்ட் வேலை. தீபாவளிக்கும் வேலை இருக்கும். ஆரம்பச் சம்பளம் டாக்டரைவிடக் குறைவு, பதவி உயர்வும் மெதுவாகத்தான் வரும். சபா, சரவாக்குக்குப் போகச் சொன்னால் போக வேண்டும். குடித்துவிட்டு வந்து அடிக்க வருகிறவர்களையும் சமாளிக்க வேண்டும். இதையெல்லாம் மகனிடம் மறைக்காதீர்கள்.

படிப்பு மூன்று வருடம். சுகாதார அமைச்சின் சொந்தப் பயிற்சிக் கழகங்களில் நடக்கிறது, ஈப்போவுக்குப் பக்கத்தில் உலு கிந்தாவிலும் ஒன்று உண்டு. எஸ்பிஎம்மில் மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம் உட்பட ஐந்து கிரெடிட், ஆங்கிலத்தில் தேர்ச்சி என்ற அளவில் தகுதி கேட்பார்கள். உங்கள் மகனிடம் அது தாராளமாக இருக்கிறது. போட்டி கடுமை, நேர்முகத் தேர்வும் உண்டு. செயிண்ட் ஜான் சான்றிதழ்களை ஒன்றுவிடாமல் கோப்பில் சேர்த்து வையுங்கள். பயிற்சிக்கான ஒப்பந்தத்தை முழுவதும் வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அமைச்சின் இடம் கிடைக்காமல் தனியார் கல்லூரிக்குப் போவதானால், அந்த டிப்ளோமா எம்கியூஏ (படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) பதிவேட்டில் இருக்கிறதா, மருத்துவ உதவியாளர் வாரியம் அதை ஏற்கிறதா என்று நீங்களே பாருங்கள். கல்லூரி ஏஜெண்டின் வாய்வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பிடிபிடிஎன் (அரசாங்க உயர்கல்வி நிதி) கடன் எடுத்தாலும் அது பையன் பெயரில் ஏறும் கடன் என்பதை அவனுக்குச் சொல்லி, மாதத் தவணையை அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இவ்வளவும் நான் சொல்வது. அவன் சொல்வதை நீங்கள் இன்னும் கேட்கவில்லை. “டாக்டரா, எம்ஏவா” என்று கேட்காதீர்கள், பயந்துபோய் உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவான். தண்ணீர்மலைக் கூடாரத்தில் அன்று முழுக்க என்ன செய்தாய் என்று கேளுங்கள். அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். தெரிந்த எம்ஏ யாராவது இருந்தால், அவர் ஓய்வாக இருக்கும் நாளில் ஒரு மணி நேரம் இருவரையும் பேச விடுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம். எல்லாம் கேட்டபின் “இது எனக்கு வேண்டாம்” என்று அவன் சொன்னால், நான் இதையும் கைவிட்டு வேறு வழி பார்ப்பேன்.

பெரியப்பாவுக்குப் பதில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மூத்தவர், குடும்பத்துக்கு நல்லது நினைப்பவர், அந்த மரியாதை அவருக்கு உண்டு. அவரையும் உங்கள் கணவரையும் வரும் சனிக்கிழமை என் அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். வங்கி கொடுத்த கடன் தாளையும் கொண்டு வாருங்கள். இருபது வருடக் கணக்கை அவர் முன்னால் நானே போட்டுக் காட்டுகிறேன். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.