காந்தம் இருக்கட்டும், மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 43. ஐந்து வருடமாகப் பதற்றம். மாத்திரைகளை மாற்றி மாற்றிப் பார்த்தும் முழுதாகச் சரியாகவில்லை. டிஎம்எஸ் என்ற காந்த சிகிச்சை எடுத்துப் பார்க்கலாம் என்கிறார் மனநல மருத்துவர். இது ஷாக் வைப்பதா? ஞாபகசக்தி போகுமா? புற்றுநோய் வருமா? பல்லில் சிமென்ட் அடைத்திருக்கிறேன், பரவாயில்லையா? தாலியைக் கழற்ற வேண்டுமா? மாத்திரை சாப்பிட்டால் காந்தம் வேலை செய்யாது என்று யூடியூபில் பார்த்தேன். அதனால் இரண்டு வருடமாக இரவில் போட்டுவந்த அல்பிரசோலத்தை மூன்று நாளாக நிறுத்திவிட்டேன். கை நடுங்குகிறது, தூக்கமே இல்லை. நோய் முற்றிவிட்டதா? (வாசகி, கரூர்)

பதில்: நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கும் விஷயம்தான் என்னை உட்கார விடவில்லை. அதற்கான பதிலை உங்களுக்குத் தனியாகச் சொல்லியாகிவிட்டது. இங்கே எழுதுவது, இதே வேலையைச் செய்துகொண்டிருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான்.

உங்கள் நோய் முற்றவில்லை. கை நடுக்கம், தூக்கமின்மை இரண்டும் மாத்திரையைச் சட்டென்று விட்டதன் விளைவு. அல்பிரசோலம் மூளையின் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும் மருந்து. இரண்டு வருடம் அது மிதித்துக்கொடுத்ததால், மூளை தன் சொந்தக் காலை எடுத்துவிட்டது. இப்போது மருந்தும் இல்லை, மூளையின் காலும் இல்லை. மலைப்பாதை இறக்கத்தில் லாரி. முதலில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை. அதோடு நின்றால் அதிர்ஷ்டம். நிற்காவிட்டால் வலிப்பு வரலாம். இதற்கு முன் வாழ்நாளில் ஒருமுறைகூட வலிப்பு வராதவர்களுக்கும் வரும். ஆள் அடையாளம் குழம்பினாலோ, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தாலோ, உடம்பு வெட்டி இழுத்தாலோ, காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நடுக்கம் மட்டும்தான் என்றாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மருந்தைத் திரும்பத் தொடங்கி, பிறகு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். அரை மாத்திரை, கால் மாத்திரை என்று வீட்டில் நீங்களே கத்தியால் வெட்டிப் பரிசோதனை செய்யாதீர்கள்.

அந்த வீடியோவில் துளி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது இன்னும் ஆபத்தானது. இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு டிஎம்எஸ்ஸின் பலன் சற்றுக் குறையலாம் என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைப் பார்த்து மருந்தைக் குறைப்பதா வேண்டாமா என்பது சிகிச்சை தருகிறவரின் வேலை. டிஎம்எஸ்ஸில் நாங்கள் உண்மையிலேயே பயப்படும் பக்கவிளைவு ஒன்றே ஒன்று, அதுவும் இந்த வலிப்புதான். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது. ஆனால் மூன்று ராத்திரி தூங்காமல், மாத்திரையையும் திடீரென நிறுத்திவிட்டு டிஎம்எஸ் நாற்காலியில் போய் உட்கார்ந்தால், அந்த ஒருவர் நீங்களாக இருக்க எல்லா ஏற்பாட்டையும் நீங்களே செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அப்புறம், இரண்டு வருடமாக இந்த மாத்திரையை எந்தக் கடையில், எந்தச் சீட்டுக்கு வாங்கினீர்கள்? மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து இது. ஒரு பழைய சீட்டை மடித்து மடித்து, கிழியும்வரை வைத்து வாங்குகிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

சரி, காந்தத்துக்கு வருவோம். ஷாக் சிகிச்சை வேறு, இது வேறு. இதில் மயக்க மருந்து கிடையாது, முழு விழிப்பில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காயிலில், அதாவது கம்பிச் சுருளில், காந்தப்புலம் வேகமாக மாறுகிறது, மேலே வைத்த பாத்திரத்தில் மின்னோட்டம் பிறக்கிறது. விஞ்ஞானி பாரடே 1831-ல் கண்டுபிடித்த அதே சங்கதி. அடுப்பில் அது பாத்திரத்தைச் சூடாக்குகிறது. இங்கே மண்டை ஓட்டுக்கு அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்வரை உள்ள நரம்பணுக்களை லேசாகத் தட்டி எழுப்புகிறது, சூடாக்குவதில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரின் குழு இதை முதலில் மனித மூளையில் செய்துகாட்டியது 1985-ல். புலம் மாறிக்கொண்டே இருந்தால்தான் மின்னோட்டம் வரும். ஆகவே ஆன்லைனில் விற்கும் காந்தப் பட்டையைத் தலையில் கட்டிக்கொள்வதும், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தைக் கட்டிக்கொள்வதும் ஒன்றுதான்.

முதல் நாள் டிஎம்எஸ் கருவியின் காயிலைத் தலையின் இடப்பக்கம் வைத்து மெல்ல நகர்த்துவோம். ஓரிடத்தில் ‘டக்’ என்றதும் வலது கைக் கட்டைவிரல் தானாகத் துள்ளும். ஒரு பள்ளி ஆசிரியை, “சார், நான் ஆட்டலை, நான் ஆட்டலை” என்று மூன்று தடவை சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டார். பத்துக்கு ஐந்து தடவையாவது விரலைத் துள்ளவைக்கும் மிகக் குறைந்த சக்தி எவ்வளவு என்று பார்த்து, அதை வைத்துத்தான் உங்களுக்கான அளவைக் கணக்கிடுகிறோம். மாத்திரையைக் கூட்டினாலோ குறைத்தாலோ அந்தக் கணக்கு மாறலாம். சொல்லாமல் எதையும் நிறுத்தாதீர்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்துவது இதற்காகத்தான்.

மற்ற கேள்விகள்: ஞாபகசக்தி போகாது. இது எக்ஸ்ரே கதிர் அல்ல, புற்றுநோய்ப் பேச்சுக்கே இடமில்லை. பல் அடைப்பு பரவாயில்லை. தாலி அது பாட்டுக்கு இருக்கட்டும், தோட்டையும் ஹேர்பின்னையும் கழற்றினால் போதும். தலைவலி, தோலில் சுருக்சுருக்கென்ற குத்தல் முதல் வாரம் இருக்கலாம். சத்தத்துக்குக் காதில் அடைப்பான் தருவார்கள். தலைக்குள் உலோகக் கிளிப், காது கேட்பதற்காக உள்ளே வைத்த காக்ளியர் கருவி, நெஞ்சில் பேஸ்மேக்கர், முன்பு எப்போதாவது வந்த வலிப்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் அதை மட்டும் மறைக்காதீர்கள்.

பதற்றத்துக்கு இது பலிக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதை 2008-ல் மனச்சோர்வுக்கு அனுமதித்தது. 2018-ல் ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய்க்கும், 2021-ல் பதற்றத்தோடு சேர்ந்த மனச்சோர்வுக்கும் அனுமதி வந்தது. பதற்றம் மட்டும் இருப்பவர்களுக்கு அந்த அனுமதி கிடையாது. முன்மூளையின் வலப்பக்கத்தை நொடிக்கு ஒரு துடிப்பாக மெதுவாகத் தூண்டிப் பார்த்த சிறு ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, அவ்வளவுதான். எனவே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்: எனக்கு மனச்சோர்வும் இருக்கிறதா? சிபிடி என்கிற பேச்சு சிகிச்சையை முறையாகக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டதா? தைராய்டு பார்த்தாகிவிட்டதா? வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம் போய்வர வேண்டிய சிகிச்சை இது. செலவும் பஸ் அலைச்சலும் உங்களுடையது, கேட்க உரிமை உண்டு. காந்த சிகிச்சைக்கு அனுப்பினால் கைவிட்ட கேஸ் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கைவிட்டவர்கள் அதே மாத்திரையைத்தான் திரும்பத் திரும்ப எழுதித் தருவார்கள்.

போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மில்லிகிராம் என்று கடிதத்தில் நீங்கள் எழுதவே இல்லை.