ரெண்டு 4895உம் ஒண்டோ?

தம்பி, லீவில மல்லாவியில நிண்டுகொண்டு கனடாத் துவக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்: .308 துவக்கு ரவையை நானே நிரப்ப எச் 4895 எண்ட வெடிமருந்து கடையில இல்லை, ஐ.எம்.ஆர் 4895 வாங்கினா அதே நிறையைப் போடலாமோ எண்டு.

போடக்கூடாது. நம்பர் ஒண்டு, மருந்து வேற. தயாரிப்பாளரின்ர அட்டவணையில ரெண்டுக்கும் தனித்தனி வரி கிடக்கு. உம்மட சன்னத்தின்ர (பாய்ஞ்சு போற குண்டின்ர) நிறைக்கு ஐ.எம்.ஆர் வரியில இருக்கிற ஆகக் குறைஞ்ச அளவில தொடங்கி, அரை கிரெய்ன் (மருந்து நிறுக்கிற சின்ன அளவு) வீதம் ஏத்தும். கோது (ரவையின்ர வெளிக்கூடு), கேப் (கோதின்ர அடியில மருந்தைப் பத்தவைக்கிற சின்ன மூடி), சன்னம் இறங்கி நிக்கிற ஆழம் ஒண்டையும் மாத்தாதையும். சுட்டாப்பிறகு துவக்கின்ர போல்ட் (பின்பக்கப் பூட்டு) திறக்க இறுகினா, கேப் தட்டையாப் போனா, கோதின்ர அடியில மினுங்கிற தழும்பு விழுந்தா உடன நிப்பாட்டும், அட்டவணையின்ர உச்சம் வரேல்லை எண்டாலும்.

எச் 4895 சூடு குளிருக்குப் பெரிசா அசையாது, ஐ.எம்.ஆர் அசையும். பனிக்குள்ள உச்சத்துக்குக் கிட்டப் பிடிச்சு வைச்ச அளவு, ஜூலை வெயிலுக்க அழுத்தம் கூடிப்போகும். அளக்கிற குழாயில பழைய மருந்து ஒரு மணியும் மிஞ்சக்கூடாது. மேசையில ஒரு டப்பாதான்.

வளவு கொத்தேக்க வந்த பழைய ரவையளைப் பிரிச்சு மருந்தைப் பார்க்கலாமோ எண்டு கேட்டது பகிடியெண்டு நினைக்கிறன். தொடாதையும். இடத்துக்கு அடையாளம் வைச்சிட்டு பொலிசுக்கு, 119க்கு எடும்.