உடைந்த அணையும் லியூ குடும்பத்து வீடும்

அன்புள்ள ஐயா,

தைவான் பயணக் கட்டுரையில் ஷிகாங்கின் உடைந்த அணையையும், பக்கத்திலுள்ள துனியூ ஊரில் ஹக்கா (தென்சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு சீனச் சமூகம்) பண்பாட்டு இல்லத்தையும் ஒரே அருங்காட்சியகமாகப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நிலநடுக்கம் அறிவியல், ஹக்கா வாழ்க்கை பண்பாடு. இரண்டையும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

போகும் முன் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதலில் அணையைச் சொல்கிறேன்.

1999 செப்டம்பர் 21, நள்ளிரவு தாண்டி 1.47 மணி. நிலநடுக்கம். செலுங்பு நிலப்பிளவு, அதாவது பூமிப் பாறைகள் நகரும் விரிசல், சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்து, கிழக்குப் பக்கத்து நிலம் மேற்கின் மேல் ஏறியது. 2,400 பேருக்கு மேல் இறந்தார்கள். ஷிகாங்கில் பிளவு தாஜியா ஆற்று அணைக்கு அடியிலேயே ஓடியது. அணையின் ஒரு பக்கம் ஏறக்குறைய 10 மீட்டர் உயர, மறுபக்கம் 2 மீட்டர்தான் உயர்ந்தது. பதினெட்டு மதகுகளில் மூன்று நொறுங்கின. அவற்றை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். ஒரே மட்டத்தில் கட்டிய சுவர், இரண்டு மாடி உயரத்துக்கு மேல் ஏறி இறங்கி நிற்கிறது. பார்த்துக்கொண்டே நின்றேன், பேச்சு வரவில்லை.

சரி, ஹக்கா மக்கள் எங்கே வருகிறார்கள்? துனியூ என்றால் மண் எருது. 1761இல் சீனாவை ஆண்ட சிங் வம்சத்து அரசு இங்கே அகழி வெட்டி, தோண்டிய மண்ணை எருது படுத்திருப்பதுபோல் குவித்து எல்லை போட்டது. மேற்கே சீனக் குடியேறிகள், கிழக்கே மலைப் பழங்குடிகள். எல்லையைக் குறித்து நட்ட கல் இன்றும் துனியூ தொடக்கப்பள்ளியில் இருக்கிறது. தென்சீனாவின் குவாங்தோங் மாகாணத்துத் தாபு பகுதியிலிருந்து வந்த ஹக்காக்கள் குடியேறியது இந்த ஓரத்தில்தான். சமவெளி முடிந்து மலை தொடங்கும் இடம் அது. மலை அங்கே தொடங்குவதற்குக் காரணமே இந்தப் பிளவுதான். காலங்காலமாகக் கிழக்கு நிலத்தைத் தூக்கிக்கொண்டே வந்திருக்கிறது. அரசு கோடு கிழித்ததும் பூமி கிழிந்ததும் அதே அடிவாரத்தில்தான், கே. எனக்கு எல்லாம் புரிந்தது அப்போதுதான்.

இன்று பண்பாட்டு இல்லமாக இருப்பது லியூ குடும்பத்தின் வீடு. நடுவில் முன்னோர் கூடம், இருபுறமும் சகோதரர் குடும்பங்களுக்கான அறைகள். இப்படிப்பட்ட வீட்டுக்கு ஹக்காக்கள் வைத்த பெயரிலேயே ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுபவர்கள் என்ற பொருள் இருக்கிறது. நிலநடுக்கம் வந்த அந்த இரவில் இந்த வீடு இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டி, ஊருக்கே திறந்துவைத்திருக்கிறார்கள்.

நீங்கள் போனால் அணையை முதலில் பாருங்கள். அப்புறம் பழைய டோங்ஷி ரயில் தடத்தில் போட்ட சைக்கிள் பாதையைப் பிடித்தால் ஊரையும் பார்த்த மாதிரி இருக்கும். லியூ வீட்டுக்குக் கடைசியாகப் போங்கள்.