டோக்கியோவுக்குள் அடங்கிய எரிமலைக் கிராமம்

கேள்வி: ஜப்பானில் 170 பேர்கூட இல்லாத ஒரு தீவு தனிக் கிராம உள்ளாட்சியாக இயங்குகிறது என்றும், அது டோக்கியோவைச் சேர்ந்தது என்றும் படித்தேன். நடுக்கடலில் கிடக்கும் தீவு தலைநகரத்தோடு சேர்ந்தது எப்படி? (வாசகர், திருவாரூர்)

பதில்: தாங்கள் படித்தது அவோகாஷிமாவைப் பற்றித்தான். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 169 பேர். ஜப்பானிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த உள்ளாட்சி அதுவே. டோக்கியோ என்றதும் நாம் ஒரு நகரத்தை நினைத்துக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம் எழுகிறது. ஜப்பானிய ஆட்சிமுறையில் அது மாகாணத்துக்கு நிகரான ஒரு பெரும்பகுதி. அதற்குள் 23 சிறப்பு வட்டங்கள், 26 நகரங்கள், 5 பேரூர்கள், 8 கிராமங்கள் அடங்கியுள்ளன. அந்த எட்டுக் கிராமங்களில் ஏழு கடலுக்குள்தான் இருக்கின்றன. அவோகாஷிமாவை உள்ளடக்கிய இஸூ தீவுக்கூட்டம், 1878இல் ஷிசுவோகா மாகாணத்திலிருந்து டோக்கியோவின் பொறுப்புக்கு மாற்றப்பட்டது. ஆகவே, நகரின் மையத்திலிருந்து சுமார் 358 கிலோமீட்டர் தெற்கே இருந்தாலும், தீவில் ஓடும் கார்கள் டோக்கியோவின் ஷினகாவா பதிவுப் பலகையையே தாங்கியிருக்கின்றன. அதன் அஞ்சல் குறியீடும், பேரரசரின் அரண்மனை அமைந்த வட்டாரத்தின் குறியீட்டைப் போல, 100 என்றே தொடங்குகிறது.

தலைநகரத்தோடு சேர்ந்ததால் தலைநகரவாசிகளின் உரிமைகள் உடனே வந்துவிடவில்லை. 1940இல்தான் அது முறையான கிராமமாயிற்று. அதன் பிறகும், தகவல் தொடர்பும் போக்குவரத்தும் நம்பத்தக்கதாக இல்லை என்ற காரணத்தால், 1956 வரை அம்மக்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கவே வழியில்லாமல் இருந்தது.

கேள்வி: எரிமலையின் வாய்க்குள்ளேயே மக்கள் குடியிருப்பதுபோல் படங்களில் தெரிகிறதே, உண்மையா? (வாசகி, மதுரை)

பதில்: வானிலிருந்து எடுத்த படங்கள் அப்படி எண்ண வைக்கின்றன. தீவு முழுவதும், கடலடியிலிருந்து எழும் ஓர் எரிமலையின் உச்சிப் பகுதி. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் அகலமுள்ள பெரும்பள்ளம் ஒன்று அதன் தென்பாதியில் இருக்கிறது. அதன் நடுவே மாருயாமா என்னும் சிறு கூம்பு, கிண்ணத்துக்குள் கவிழ்த்து வைத்த இன்னொரு கிண்ணத்தைப் போல் எழுந்து நிற்கிறது. சுற்றியுள்ள விளிம்பில் மிக உயர்ந்த இடமான ஓட்டோன்பு 423 மீட்டர் உயரம். வீடுகள், பள்ளி, கிராம அலுவலகம் எல்லாம் இந்த விளிம்புக்கு வெளியே, வடக்கு மேட்டில் அமைந்துள்ளன.

ஆயினும் பள்ளம் வெறுமையாக இல்லை. நிலத்தின் பிளவுகளிலிருந்து கிளம்பும் வெந்நீராவியைத் தீவினர் 'ஹிங்க்யா' என்கிறார்கள். அந்த ஆவியில் கிழங்கும் முட்டையும் வேகவைக்கலாம். பொது நீராவிக் குளியல் கூடமும் அதில்தான் இயங்குகிறது. கடல்நீரை வற்றவைத்து உப்பு எடுப்பதும் அந்த வெப்பத்தால்தான். விறகு வாங்கத் தேவையில்லாத அடுப்பு ஊருக்குப் பொதுவாகக் கிடைத்திருப்பதைக் கண்டு சற்றே பொறாமை கொள்ளலாம், அடுப்பின் சொந்தக்காரர் யாரென்பது நினைவுக்கு வராத வரையில்.

கேள்வி: குடிநீருக்கு என்ன செய்கிறார்கள்? (அதே வாசகி)

பதில்: மழைதான். மலைச்சரிவு ஒன்றைக் கான்கிரீட்டால் மூடி, அதில் வழியும் நீரைச் சேர்த்துச் சுத்திகரித்து வழங்குகிறார்கள்.

கேள்வி: கப்பல் நாள்தோறும் செல்வதில்லையாமே? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: துறைமுக நகரத்துக்காரர் கேட்பது பொருத்தமே. அவோகாஷிமாவின் கரை ஏறக்குறைய முழுவதும் செங்குத்தான பாறைச்சுவர். மணற்கரையும் இல்லை, கடல் உள்வாங்கிய குடாவும் இல்லை. தென்மேற்கில் சான்போ என்னுமிடத்தில் கட்டிய துறையும் திறந்த கடலின் அலையை நேருக்கு நேர் எதிர்கொள்கிறது. அங்கே மீன்பிடி படகுகளைத் தண்ணீரில் கட்டிவைக்க முடியாமல், கம்பிவடத்தில் தூக்கி மேட்டில் நிறுத்துகிறார்கள். சுமார் 70 கிலோமீட்டர் வடக்கேயுள்ள அண்டைத் தீவான ஹாச்சிஜோஜிமாவிலிருந்து கப்பலில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் அலை சற்று உயர்ந்தாலும் பயணம் ரத்தாகும். ஒன்பது பேர் மட்டும் அமரக்கூடிய ஹெலிகாப்டர் நாளுக்கு ஒருமுறை வந்து, இருபது நிமிடத்தில் அதே தூரத்தைக் கடக்கிறது. இத்தீவைத் தனிமைப்படுத்துவது தூரம் என்று பலரும் எழுதுகிறார்கள். கரை இறங்க இடம் தராத அந்தப் பாறைச்சுவரே முதன்மையான காரணம் என்பது என் கருத்து.

கேள்வி: அந்த எரிமலை மறுபடி வெடித்தால்? (வாசகர், சேலம்)

பதில்: ஏற்கெனவே ஒருமுறை ஊரே அழிந்திருக்கிறது. இன்றைய பெரும்பள்ளத்தில் அக்காலத்தில் இரண்டு குளங்கள் இருந்தன. அப்பள்ளத்தின் பெயரான இக்கெனோசாவாவில் உள்ள 'இக்கெ' என்ற சொல்லுக்குக் குளம் என்றே பொருள். 1783 முதல் தொடர்ந்த சீற்றம் 1785இல் உச்சத்தை அடைந்தபோது குளங்கள் மறைந்தன, மாருயாமா உருவாயிற்று. அன்று தீவில் இருந்தவர்கள் 327 பேர். ஹாச்சிஜோஜிமாவிலிருந்து வந்த படகுகளில் அனைவருக்கும் இடமில்லாததால் சுமார் 130 பேர் தீவிலேயே மடிந்தார்கள்.

பிழைத்தவர்கள் அண்டைத் தீவில் அண்டிப் பிழைத்தபடியே, திரும்பிப் போகும் முயற்சியைக் கைவிடாமல் இருந்தனர். நிலத்தைத் திருத்தச் சென்ற படகுகள் புயலில் சிக்கிப் பலமுறை உடைந்தன, பலர் கடலில் இறந்தார்கள். இறுதியில் சசாகி ஜிரோதயூ என்ற ஊர்த்தலைவரின் திட்டமிட்ட முயற்சியால் 1824இல் மக்கள் பெருமளவில் திரும்பினர். 1835இல் நிலம் அளக்கப்பட்டு, மீள்குடியேற்றம் நிறைவுற்றதாக அரசு ஏற்றபோது ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன. எரிமலையை இன்று ஜப்பானிய வானிலை நிறுவனம் தொடர்ந்து கண்காணித்து வருகிறது.

திரும்பி வந்து வாழ்தல் என்பதை அவர்கள் 'கான்ஜூ' என்ற ஒரே சொல்லில் குறிக்கிறார்கள். 2014 வரை இத்தீவுக்கு ஓடிய கப்பலின் பெயர் கான்ஜூ மாரு.