ஜின் டானிக் சுவையில் பீர்: கேட்டவையும் என் பதில்களும்

கே: ஹாப்ஸை (பீருக்குக் கசப்பு தரும் பூ) ஒரு மணி நேரம் கொதிக்க விட்டும் கசப்பு ஏறவில்லையே? (டென்வரில் இருக்கும் ஊட்டிக்காரர்)

ப: ஊட்டியில் வளர்ந்தவர் இதைக் கேட்கலாமா? நம் ஊரில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது இல்லையா, அதே காரணம்தான். டென்வர் சுமார் 1,600 மீட்டர் உயரம், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஹாப்ஸில் இருக்கும் ஆல்பா அமிலம் கசப்பாக மாற அந்தச் சூடு போதாமல் நேரம் இழுக்கும். ஒன்றரை மணி நேரம் கொதிக்க விடுங்கள், இல்லையென்றால் ஹாப்ஸைக் கால் பங்கு கூட்டுங்கள். எடை போட்டு.

கே: கோத்தகிரியில் வீட்டிலேயே காய்ச்சலாமா?

ப: கூடாது. 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். நான் சொல்லும் பக்குவமெல்லாம் பிரிட்டன், அமெரிக்கா மாதிரி அனுமதி உள்ள இடங்களில் இருக்கும் நம்மவர்களுக்கு. நீங்கள் ஈஸ்ட் இல்லாமல் செய்யுங்கள். ஒரு லிட்டர் வெந்நீர் 80 டிகிரிக்கு ஆறியதும் 3 கிராம் ஹாப்ஸ், நசுக்கிய ஜூனிபர் காய் (ஜின்னுக்கு மணம் தருவது) நாலைந்து போட்டுக் கால் மணி நேரம் மூடி வையுங்கள். அப்புறம் வடிகட்டி, குளிரவைத்து, எலுமிச்சை பிழிந்து சோடா சேர்த்தால் அருமையாக இருக்கும்.

கே: ஜூனிபர் எவ்வளவு?

ப: 20 லிட்டருக்கு 20 கிராம், நசுக்கி, கடைசி ஐந்து நிமிடத்தில். கூடவே தனியா 15 கிராம்.

கே: எலுமிச்சைச் சாற்றை எப்போது விடுவது?

ப: சாறே வேண்டாம். பச்சைத் தோலை மட்டும் சீவி, நொதித்து அடங்கியபின் போடுங்கள். வெள்ளைப் பகுதி ஒட்டிக்கொண்டு வந்தால் கசந்துவிடும்.

கே: டானிக் கசப்புக்கு நடுவட்டத்திலிருந்து சிங்கோனா பட்டை கொண்டுவந்தேன். ஒரு கைப்பிடி போடலாமா?

ப: போடாதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. 1860-களில் ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்த மரம், நம் மலையின் பெருமை, எல்லாம் சரி. ஆனால் அதைக் காய்ச்சலுக்கு மருந்தாகத்தான் வளர்த்தார்கள், மருந்துக்கு அளவு உண்டு. பட்டையில் குயினைன் (டானிக்குக் கசப்பு தருவதும் காய்ச்சல் மருந்தும் இதுதான்) ஒரு சதவீதமும் இருக்கலாம், இனத்தைப் பொறுத்துப் பத்தைத் தாண்டியும் இருக்கலாம், கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் டானிக் வாட்டருக்கு உச்சவரம்பே லிட்டருக்குச் சுமார் 83 மில்லிகிராம். பத்து சதவீதப் பட்டையாக இருந்தால் 20 லிட்டருக்கு 16, 17 கிராமிலேயே அந்த வரம்பு வந்துவிடும்; உங்கள் கைப்பிடி எத்தனை கிராம்? அளவு மீறினால் காதில் இரைச்சல், தலைவலி, வாந்தி, பார்வை மங்கல்; இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போகக் கூடாது. பட்டைத் தூளைப் பொட்டலம் கட்டி "இயற்கை டானிக்" என்று விற்பவர்கள் குயினைன் அளவை எழுதுவதே இல்லை, எனக்கு அதுதான் ஆத்திரம். ஹாப்ஸிலேயே வேண்டிய கசப்பு இருக்கிறது, அதைக் கூட்டுங்கள்.

கே: பாட்டில் வெடித்துவிட்டது. சர்க்கரை கொஞ்சம்தான் போட்டேன்.

ப: கொஞ்சம் என்றால் எத்தனை கிராம்? நொதித்து முடிந்ததா, ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) என்ன காட்டியது? ஒன்றும் எழுதவில்லை. மூன்று நாள் அளவு மாறாமல் நின்ற பிறகுதான் பாட்டில், லிட்டருக்கு 6 கிராமுக்கு மேல் சர்க்கரை கூடாது, எடை போட்டு. கண்ணாடிச் சில்லு கண்ணில் பட்டால் என்ன செய்வீர்கள்?

கே: லண்டனில் கராஜில் வைத்தேன், குமிழ் நின்றுவிட்டது. ஈஸ்ட் செத்துவிட்டதா?

ப: குளிரில் அடங்கிக் கிடக்கிறது. வீட்டுக்குள் 18 முதல் 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, பாத்திரத்தை மெல்ல ஒரு சுழற்று சுழற்றிவிட்டு, மூன்று நாள் கழித்து ஹைட்ரோமீட்டரைப் பாருங்கள்.