ஒரு நேரத்தில் ஓர் உலாவி

கேள்வி: எங்கள் இணையக் கடைக்கான தானியங்கிச் சோதனைகளை பிளேரைட் (உலாவிகளைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவி) கொண்டு குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் ஆகிய மூன்று உலாவிகளிலும் ஓட்டுகிறோம். தனித்தனியே ஓட்டினால் எல்லாம் தேறுகின்றன. சேர்த்து ஓட்டினால் நாளுக்கொரு சோதனை தோற்கிறது. ஒன்று முடிந்தபின் அடுத்தது ஓடும்படி செய்வது எப்படி?

பதில்: மூன்று உலாவிகளும் ஒரே பயனர் கணக்கில் நுழைகின்றனவா என்று முதலில் பாருங்கள். நாம் எண்ணிக்கையைக் குறிப்பிடாவிட்டால், கணினிச் செயலியின் கோர்களில் பாதியளவு ஒர்க்கர்களை, அதாவது சோதனைகளை இணையாக ஓட்டும் தனிச் செயல்முறைகளை, பிளேரைட் இயக்கும். அதாவது 8 கோர் இருந்தால் ஒரே நேரத்தில் 4 சோதனைகள் ஓடும். குரோமியம் கூடையில் 2 பொருள்களைப் போட்டுவிட்டு எண்ணிப் பார்ப்பதற்குள், ஃபயர்ஃபாக்ஸ் அதே கூடையில் மூன்றாவதைப் போட்டிருக்கும், அல்லது வெப்கிட் கூடையையே காலி செய்திருக்கும். எது முந்துகிறது என்பது நாளுக்கு நாள் மாறுவதால் தோற்கும் சோதனையும் மாறுகிறது.

ஒர்க்கர் எண்ணிக்கையை 1 என்று வைத்தாலே மோதல் நின்றுவிடும். அறிக்கையும் ஒன்றாகவே கிடைக்கும். உலாவிக்கு உலாவி தரவுத்தளத்தைப் புதிதாக நிரப்ப வேண்டியிருந்தால் மட்டும் மூன்று தனிக் கட்டளைகளாகப் பிரியுங்கள்.

அப்படிப் பிரிக்கும்போது மிகுந்த கவனம் தேவை. கட்டளைகளை && குறியால் இணைத்தால், குரோமியத்தில் ஒரு சோதனை தோற்றவுடன் மற்ற இரண்டு உலாவிகளும் தொடங்கவே மாட்டா. அரைப்புள்ளியால் இணைத்தால் மூன்றும் ஓடும். ஆனால் கடைசிக் கட்டளையின் முடிவே முழு ஓட்டத்தின் முடிவாகிவிடும். குரோமியத்தில் பத்துச் சோதனைகள் தோற்றிருந்தாலும், வெப்கிட் தேறிவிட்டால் முழு ஓட்டமும் தேறியதாகவே தெரியும். பழுதை மறைக்கும் சோதனை, சோதனையே இல்லாததைவிடக் கெடுதல் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே ஒவ்வொரு கட்டளையின் முடிவு எண்ணையும் (வெற்றி என்றால் சுழியம், தோல்வி என்றால் வேறு எண்) ஒரு மாறியில் சேமித்து, அவற்றுள் ஒன்று சுழியம் அல்லாவிட்டாலும் இறுதியில் தோல்வி என்றே அறிவியுங்கள். அறிக்கைக்கும் திரைப்பிடிப்புகளுக்கும் உலாவிக்கு ஒரு தனிக் கோப்புறை கொடுங்கள். இல்லையெனில் அடுத்த ஓட்டம் முந்தையதை அழித்துவிடும்.

வரிசையாக ஓட்டுவதில் நேரம் கூடும் என்பதால் இதைத் தற்காலிக ஏற்பாடாகவே கொள்ளுங்கள். பிளேரைட் ஒவ்வொரு ஒர்க்கருக்கும் 0 முதல் ஓர் எண் தருகிறது. அந்த எண்ணைச் சேர்த்துப் பயனர் கணக்குகளை முன்கூட்டியே உருவாக்கி, ஒர்க்கருக்கு ஒரு கணக்கு, ஒரு கூடை என்று பிரித்துவிட்டால், மூன்று உலாவிகளையும் மீண்டும் ஒன்றாகவே ஓட்டலாம்.