1,800 ரூபாய் பெடிக்யூரில் கூடுதலாக என்ன கிடைக்கிறது?

முகூர்த்த மாதம் நெருங்குகிறது போலிருக்கிறது. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பியூட்டி பார்லர் பற்றியவை. காலில் ஆரம்பித்து பில்லில் முடிப்போம்.

கேள்வி: தங்கை கல்யாணத்துக்காக பெடிக்யூர் செய்துகொள்ள விசாரித்தேன். ஒரே பார்லரில் சாதா 600, 'ஸ்பா' 1,100, 'கிரிஸ்டல் ஸ்பா' 1,800 ரூபாய் என்கிறார்கள். அப்படி என்ன வித்தியாசம்? வாக்ஸிங்கையும் அன்றைக்கே சேர்த்துச் செய்தால் தள்ளுபடி உண்டாம். செய்யலாமா? – வாசகி, மதுரை

பதில்: அடிப்படை வேலை மூன்றிலும் ஒன்றுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் ஊறும், நகம் வெட்டிச் சீராக்குவார்கள், குதிகாலைத் தேய்ப்பார்கள், ஸ்கிரப், மசாஜ், பாலிஷ். விலை ஏற ஏறக் கூடுவது ஒரு மாஸ்க், கொஞ்சம் நீளமான மசாஜ், தண்ணீரில் போடும் சமாச்சாரம். 'கிரிஸ்டல்' என்பது பெரும்பாலும் தண்ணீரைக் கூழ் மாதிரி ஆக்கும் பொடி. சூடு சீக்கிரம் ஆறாது, காலுக்குச் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்துக்காகக் கொடுப்பது உங்கள் இஷ்டம். குதிகால் வழவழப்பாக வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் 600 ரூபாயே போதும். அது செய்கிறவரின் கைப்பக்குவத்தைப் பொறுத்தது, பொடியைப் பொறுத்தது அல்ல.

நீங்கள் காசு கொடுக்க வேண்டிய விஷயம் விலைப்பட்டியலில் இருக்காது. அது சுத்தம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரே நக அழகு நிலையத்துக்குப் போன 100 பேருக்கு மேல் முழங்காலுக்குக் கீழே ஆறாத கட்டிகள் வந்தன. சுகாதாரத் துறையினர் பார்த்தபோது, தண்ணீரைச் சுழற்றும் கால் தொட்டிகளில், தண்ணீர் உள்ளிழுக்கும் வலைக்குப் பின்னால் முடியும் தோல் துகளும் சேர்ந்து கிடந்தன. அதில் மைக்கோபாக்டீரியம் வகைக் கிருமி வளர்ந்திருந்தது. பெடிக்யூருக்கு முன் காலை ஷேவ் செய்திருந்தவர்களுக்கே பாதிப்பு அதிகம் என்பதும் தெரியவந்தது. கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும், கிருமி உள்ளே போக.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இதிலேயே வந்துவிட்டது. வாக்ஸ் செய்த காலை அன்றைக்கே பொதுத் தொட்டியில் வைக்காதீர்கள். ஷேவ் செய்திருந்தாலும் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். தள்ளுபடி வேண்டுமென்றால் பணத்தைச் சேர்த்துக் கட்டிவிட்டு வேறு வேறு நாளில் வருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள், ஒப்புக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பு வாக்ஸிங், மூன்று நாள் முன்பு பெடிக்யூர், அதற்கு மறுநாள் மெஹந்தி என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும். மெஹந்தி வைத்த பிறகு பெடிக்யூர் செய்தால் ஸ்கிரப் சாயத்தைத் தேய்த்து எடுத்துவிடும். மெஹந்திக்கு உட்காரும்போது காலில் எண்ணெயோ லோஷனோ இருக்கக் கூடாது, நிறம் பிடிக்காது.

சுத்தத்தை எப்படிப் பார்ப்பது? சுழல்தொட்டியைவிட, பிளாஸ்டிக் உறை மாற்றிப் போடும் சாதாரண பேசின் மேல். அதைத் தேய்த்துக் கழுவ முடியும். நீல விளக்கு எரியும் பெட்டியைக் காட்டி "ஸ்டெரிலைஸ் பண்ணிட்டோம் மேடம்" என்பார்கள். அந்தப் பெட்டி சுத்தம் செய்த கருவியை எடுத்து வைக்கத்தான் லாயக்கு, கிருமி நீக்கத்துக்கு அது மட்டும் போதாது. ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி) வைத்து எடுத்த உறையை உங்கள் முன்னால் கிழித்துக் கருவியை எடுத்தால் அந்தக் கடையை விடாதீர்கள். நகம் தேய்க்கும் ஃபைலும் குதிகால் தேய்க்கும் பியூமிஸ் கல்லும் துளை நிறைந்தவை, கழுவினாலும் முழுசாகச் சுத்தமாகாது. சில நூறு ரூபாயில் நகவெட்டி, ஃபைல், கல் என்று சொந்தமாக ஒரு செட் வாங்கிக் கொண்டுபோவது இந்தக் கிரிஸ்டல் எல்லாவற்றையும்விட நல்ல செலவு. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்துக்கொண்டால், வேறு பார்லர் பாருங்கள்.

குதிகாலைச் சீவ பிளேடை எடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு கீறல் விழுந்தால் கல்யாணத்தில் செருப்பே போட முடியாது. நகம் முளைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் தோலையும் வெட்டச் சொல்லாதீர்கள், தள்ளிவிட்டால் போதும். வெட்டினால் நகச்சுத்தி வர வழி. சேற்றுப்புண், திறந்த காயம், பூஞ்சை பிடித்த நகம் இருந்தால் முதலில் தோல் டாக்டர், அப்புறம்தான் பார்லர். மால்களில் இருக்கும் மீன் ஸ்பாவைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். எல்லோர் காலையும் கடிப்பது அதே மீன்தான், மீனைக் கிருமிநாசினியில் முக்க முடியாது. வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு தினமும் கல் வைத்துத் தேய்க்காதீர்கள், தேய்க்கத் தேய்க்கத் தோல் தடித்துத்தான் போகும். வாரம் இரண்டு முறை போதும். ராத்திரி கால் கழுவி, ஈரம் லேசாக இருக்கும்போதே க்ரீம் தடவிப் பருத்தி சாக்ஸ் போட்டுப் படுங்கள். இதைச் செய்தால் அடுத்த பெடிக்யூரை ஒரு மாதம் தள்ளிப் போடலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, பல வருடமாகச் சர்க்கரை. குதிகாலில் பித்தவெடிப்பு அதிகம். பிறந்தநாளுக்குப் பார்லரில் பெடிக்யூர் செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். – வாசகர், கும்பகோணம்

பதில்: ஆசை நியாயமானது. ஆனால் அம்மாவின் பாதத்தில் உணர்வு சரியாக இருக்கிறதா என்று டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை வேண்டாம். நீண்ட நாள் சர்க்கரையில் பாத நரம்புகள் மரத்துப்போகும். தண்ணீர் கொதித்தாலும் தெரியாது, வெட்டுப்பட்டாலும் தெரியாது. தெரியாத காயம்தான் புண்ணாகி, விரலை எடுக்கும்வரை போகிறது. தமிழக அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை உண்டு. சர்க்கரை நோய் மருத்துவமனைகள் பலவற்றில் பாதத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தடித்த தோலை எடுப்பது, வளைந்த நகத்தை வெட்டுவது எல்லாம் அங்கே பயிற்சி பெற்றவர்கள் செய்வார்கள்.

வெடிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் 10 முதல் 25 சதவீதம் யூரியா சேர்ந்த க்ரீம் கேளுங்கள். ராத்திரியில் குதிகாலில் தடவலாம். விரல் இடுக்கில் மட்டும் தடவக் கூடாது, அங்கே ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். இரத்தம் கசியும் அளவுக்கு வெடித்திருந்தால் க்ரீமோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கால் ஆணிக்கென்று விற்கும் சாலிசிலிக் அமில பிளாஸ்திரியைச் சர்க்கரை உள்ளவர்கள் சொந்தமாக ஒட்டக் கூடாது. அது ஆணியோடு நல்ல தோலையும் அரித்துவிடும். தினமும் உள்ளங்காலைப் பார்ப்பது முக்கியம். அம்மாவால் குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

பிறந்தநாள் பரிசு வாங்கியே ஆக வேண்டும் என்றால், பின்பக்கம் மூடிய, உள்ளே மிருதுவான செருப்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள். சாயங்காலம் கூட்டிப்போங்கள், அப்போதுதான் கால் லேசாக வீங்கியிருக்கும், அளவு சரியாகத் தெரியும்.

கேள்வி: காலேஜ் படிக்கிறேன். பருவுக்கு அடாபலீன் ஜெல் போடுகிறேன். மேலுதட்டில் வாக்ஸ் செய்தபோது தோலே உரிந்து வந்துவிட்டது. பார்லரின் தப்பா, என்னுடைய தப்பா? – வாசகி, கோவை

பதில்: ஜெல் போடுவதை நீங்கள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது அவர்கள், அது அவர்கள் தொழில். அடாபலீன், ரெட்டினால் போன்றவை மேல்தோலை மெல்லியதாக்கும். வாக்ஸ் இழுக்கும்போது முடியோடு தோலும் வரும். குறைந்தது ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது முடிந்து ஆறு மாதம்வரை வாக்ஸிங் கூடாது என்பதே வழக்கமான மருத்துவ அறிவுரை. உரிந்த இடத்தில் வாஸ்லின் மாதிரி பெட்ரோலியம் ஜெல்லி, பகலில் சன்ஸ்கிரீன். பொருக்கை உரிக்க வேண்டாம். ஜெல்லை ஆறும்வரை நிறுத்துங்கள். கறுத்தால் மங்கச் சில மாதம்கூட ஆகலாம்.

அடுத்த முறைக்கு: முடி ஒரு அரிசி நீளம் இருந்தால்தான் வாக்ஸ் பிடிக்கும். மணிக்கட்டின் உட்புறம் வைத்துச் சூடு பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் தோலில் தடவிய குச்சியை மறுபடி அதே டப்பாவில் விட்டால் எழுந்து வந்துவிடலாம். போன வாடிக்கையாளருக்கும் அதேதான் நடந்திருக்கும். வாக்ஸ் செய்த நாளில் வெந்நீர்க் குளியல், ஜிம், இறுக்கமான லெக்கிங்ஸ், பெர்ஃப்யூம் வேண்டாம், ப்ளீச் வேண்டவே வேண்டாம்.

திரெடிங்குக்கு நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்வது நம் ஊர் வழக்கம். எச்சில் நூலில் இறங்கி உங்கள் புருவத்துக்கு வருகிறது. கழுத்தில் கட்டிக்கொண்டு செய்கிறவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். தேடிப் போங்கள்.

கேள்வி: ஜெல் நெயில் பாலிஷ் போட்டேன். ஓரம் தூக்கியதும் உரித்துவிட்டேன். நகம் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. – வாசகி, சென்னை

பதில்: பாலிஷோடு நகத்தின் மேலடுக்கும் வந்துவிட்டது. புது நகம் முழுக்க வளர நான்கைந்து மாதம் ஆகும். அதுவரை நகத்தைக் குட்டையாக வைத்து எண்ணெய் தடவுங்கள், பாத்திரம் கழுவும்போது கையுறை போடுங்கள். அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்து ஃபாயில் சுற்றி, 10–15 நிமிடம் ஊறிய பிறகு எடுப்பதுதான் முறை. வராவிட்டால் இன்னும் ஊற வேண்டும், சுரண்டக் கூடாது. எடுப்பதற்குத் தனிக் காசா என்பதைப் போடும்போதே கேளுங்கள். பல இடங்களில் தனிக் காசுதான்.

நகத்தைச் சுற்றி அரிப்போ கொப்புளமோ வந்தால் ஜெல்லை அதோடு விட்டுவிடுங்கள். அந்த அலர்ஜி போகாது, பல் அடைப்புப் பசை வரைக்கும் தொந்தரவு கொடுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 1 முதல் டிபிஓ (TPO) என்ற வேதிப்பொருள் சேர்ந்த ஜெல் பாலிஷுக்குத் தடை. இங்கேயும் அது இல்லாத பாட்டில் கேட்டு வாங்கலாம். ஆபரேஷன் ஏதாவது இருந்தால் முன்பே எடுத்துவிட்டுப் போங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவிக்குப் பாலிஷ் இடைஞ்சல்.

கேள்வி: பார்லரில் 7,000 ரூபாய் கொடுத்து ஸ்மூத்னிங் (கெமிக்கல் போட்டு முடியை நேராக்குவது) செய்தேன். இரண்டே வாரத்தில் முடி கொத்தாக உடைகிறது. 'நோ ரிஃபண்ட்' போர்டைக் காட்டுகிறார்கள். பில்லும் தரவில்லை. – வாசகி, திருநெல்வேலி

பதில்: போர்டு மாட்டிவிட்டால் பொறுப்பு போய்விடாது. சேவையில் குறை இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் கேட்கலாம். பில் தராமல் இருப்பதும் அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைதான்.

உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்பதே இப்போது கேள்வி. யுபிஐயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவு, அப்பாயின்ட்மென்ட் போட்ட வாட்ஸ்அப், முன்னும் பின்னும் எடுத்த போட்டோ, தோல் டாக்டரின் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஆதாரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. டெல்லி நட்சத்திர ஓட்டல் சலூன் ஒன்றில் முடியைத் தவறாக வெட்டியதற்காக, 2021-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்தது. குறைபாடு இல்லை என்று சொல்லவில்லை. நஷ்டம் இவ்வளவு என்பதற்கு ஆதாரம் எங்கே என்றுதான் கேட்டு, மறுபடி விசாரிக்கச் சொன்னது.

முதலில் கடைக்கு எழுத்தில் புகார் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருங்கள். நகர்ந்தால் சரி. இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: ஏற்கெனவே டை, பாக்கெட் ஹென்னா போட்ட முடி என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஒரு கொத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். டைக்குக் காதின் பின்புறம் தடவி 48 மணி நேரம் பார்ப்பது அவசியம். 'ஃபார்மால்டிஹைட் ஃப்ரீ' என்று விற்கும் சில ஸ்மூத்னிங் தயாரிப்புகளில் கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கிறது. அதனால் சிறுநீரகம் பாதித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பாட்டிலை வாங்கிப் படியுங்கள். பெயர் தெரியாத டப்பாவிலிருந்து ஊற்றிக் கலக்கினால் நாற்காலியில் உட்காராதீர்கள்.

பில் வாங்கினால் ஜிஎஸ்டியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைக்கு 18 சதவீதம் இல்லை, 5 சதவீதம்தான். பதிவு எண்ணே இல்லாத சின்னப் பார்லர் ஜிஎஸ்டி என்று வசூலிக்கவே முடியாது.

கேள்வி: பார்லரில் முன்கூட்டியே 10,000 கட்டினால் 14,000 ரூபாய்க்குச் சேவை என்கிறார்கள். சேரலாமா? – வாசகி, ஈரோடு

பதில்: வருடத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று பழைய யுபிஐ கணக்கைப் பாருங்கள். 10,000 வராவிட்டால் பேச்சே வேண்டாம். வந்தாலும், எத்தனை மாதம் செல்லும், விலை ஏறினால் பழைய விலையா, கிளை மூடினால் மீதிப் பணம் வருமா என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர யோசித்தால், ஒவ்வொரு முறையும் காசு கொடுத்தே செய்துகொள்ளுங்கள்.